இறங்கிய விண்கலம் மீண்டும் ஏறும் வரை: தரையில் நடக்கும் வேலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க விண்வெளி ஓடத்தை வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு 160 வேலை மணி நேரம். இறங்கிய ஓடத்தைச் சரிபார்த்து, எரிபொருள் நிரப்பி, இரண்டே வாரத்தில் மீண்டும் ஏவிவிடலாம் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. 1981 முதல் 2011 வரை நடந்த 135 பயணங்களில், ஒரே ஓடத்தின் இரண்டு ஏவல்களுக்கு நடுவே இருந்த மிகக் குறைந்த இடைவெளி 54 நாட்கள். 1985 அக்டோபர் 3 அன்று கிளம்பிய அட்லாண்டிஸ், நவம்பர் 26 அன்று மறுபடி கிளம்பியது. 1986இல் சாலஞ்சர் ஓடம் சிதறிய விபத்துக்குப் பிறகு அந்த வேகம் திரும்பவே இல்லை. 1997இல் கொலம்பியா 88 நாட்களில் மீண்டும் ஏறியதுதான் அதன்பிறகு மிக வேகமானது. அதுவும் எப்படி முடிந்தது? முதல் பயணம் பாதியில் நிறுத்தப்பட்டதால், சரக்கறையில் இருந்த அதே ஆய்வுக்கூடத்தை இறக்காமல் உள்ளேயே வைத்து மறுபடி ஏவினார்கள்.

இந்த நாட்களில் தரையில் என்னென்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது, ஏன் அந்த வரிசை என்பதுதான் இந்த வழிகாட்டி. விண்வெளி ஓடத்தையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மறுபயன்பாட்டு விண்கலங்களில் இவ்வளவு விரிவாகப் பதிவான அனுபவம் வேறு எதற்கும் இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் போன்ற கலங்களில் வேலை மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளை மனதில் வைத்திருங்கள். பயணம் இந்தக் கலத்துக்கு என்ன செய்தது? அதைப் பழுதுபார்க்கப் போய் நாம் இதற்கு என்ன செய்தோம்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள்.

படி 1: நெருங்கும் முன் காற்றைச் சோதியுங்கள்

ஓடுபாதையில் நின்றுவிட்ட ஓடம் பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அதன் மூக்கிலும் வால்பகுதியிலும் உள்ள சிறு உந்திகளில் நைட்ரஜன் டெட்ராக்சைடும் மோனோமெத்தில் ஹைட்ரசினும் மிச்சம் இருக்கும். ஒன்றையொன்று தொட்டதும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் ஜோடி இது. விண்வெளியில் அதுதான் வசதி. தரையில் அதுவே ஆபத்து. தனித்தனியாகவும் இரண்டும் கடும் நச்சு.

அதனால் முதலில் போகிறவர்கள், சொந்தமாகக் காற்று வைத்திருக்கும் முழு உடல் கவச உடையில், காற்று வீசும் பக்கத்திலிருந்துதான் நெருங்குவார்கள். வாயு உணர்கருவியால் கலத்தைச் சுற்றிச் சோதிப்பார்கள். தேங்கிய ஆவியைக் கலைக்கப் பெரிய விசிறி பொருத்திய வண்டி ஒன்றும் கூடவே வரும். ஹைட்ரஜன் கசிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே பற்றக்கூடியது.

காற்று பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு பின்பக்கத்தில் குழாய்களை இணைப்பார்கள். ஒரு பக்கம் உலர்ந்த குளிர்காற்று உள்ளே போய், தங்கிய வாயுக்களை வெளியே தள்ளும். இன்னொரு பக்கம் குளிர்விக்கும் திரவம் சுற்றிவரும். இதற்கு அவசரம் உண்டு. வளிமண்டலத்தில் நுழைந்தபோது வெளி ஓடுகள் வாங்கிய வெப்பம், இறங்கிய பிறகும் மெல்ல மெல்ல உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். உள்ளே மின்கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே இருந்து குளிர்ச்சி தராவிட்டால் அவை சூடேறிவிடும்.

கடலில் இறங்கும் கலங்களுக்கும் இதே விதிதான். 2020 ஆகஸ்ட் 2 அன்று க்ரூ டிராகன் பென்சகோலாவுக்கு அருகே கடலில் இறங்கியபோது, நைட்ரஜன் டெட்ராக்சைடு ஆவி தென்பட்டதால் கதவைத் திறப்பதைத் தாமதப்படுத்தினார்கள். அதற்குள் பொழுதுபோக்குப் படகுகள் பல கலத்தை வேடிக்கை பார்க்க நெருங்கி வந்துவிட்டன. கலம் இறங்கும் இடத்தில் கூட்டத்தைத் தள்ளி வைப்பதும் தரைவேலையின் ஒரு பகுதி என்பதை அந்த நாள் தெளிவாகக் காட்டியது.

படி 2: கலத்தை அடக்கி வையுங்கள்

கென்னடி விண்வெளி மையத்தில் இறங்கினால், சில மணி நேரத்தில் ஓடத்தை இழுத்துப் போய்ப் பராமரிப்புக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இறங்கினால், போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றி நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேயே நாட்கள் போய்விடும்.

கொட்டகைக்குள் வந்ததும் பழுது பார்ப்பது முதல் வேலை அல்ல. ஆபத்தானவற்றை ஒவ்வொன்றாக அடக்குவதுதான் முதல் வேலை. வெடிவிசைக் கருவிகளின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கலத்துக்கு மின்சாரம் தரும் எரிமின்கலங்களுக்கான திரவ ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் வடிக்க வேண்டும். முதன்மை எஞ்சின்களுக்குள் உலர்ந்த வாயுவைச் செலுத்தி ஈரத்தைப் போக்க வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர்தானே. அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் அரிக்கும்; அடுத்த முறை உறைநிலை எரிபொருள் வரும்போது பனிக்கட்டியாகும். நச்சு எரிபொருள் குழாயைத் திறக்கும் நேரத்தில், கவச உடைக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் வெளியேற வேண்டும். அந்த மணி நேரங்களில் வேறு எந்த வேலையும் நடக்காது. அட்டவணை நீளுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நைட்ரஜன் நச்சு இல்லை, மணம் இல்லை, பற்றாது. அதனாலேயே தீ அபாயம் உள்ள அறைகளை அதால் நிரப்பி வைப்பார்கள். 1981 மார்ச் 19 அன்று, முதல் பயணத்துக்கு முந்தைய ஒத்திகை முடிந்த வேளையில், கொலம்பியாவின் பின் அறைக்குள் தொழிலாளர்கள் நுழைந்தார்கள். உள்ளே இருந்தது முழுக்க நைட்ரஜன். மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் அவர்கள் சரிந்து விழுந்தார்கள், உயிர்கள் போயின. விண்வெளி ஓடத் திட்டத்தில் முதல் உயிரிழப்பு வானத்தில் நடக்கவில்லை, தரையில் நடந்தது. மூடிய எந்த அறைக்குள்ளும் ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல் தலையைக்கூட நுழைக்கக் கூடாது.

படி 3: தொடும் முன் பாருங்கள், பதிவு செய்யுங்கள்

பயணத்தில் உணர்கருவிகள் பதிந்த எண்களை எடுத்துப் பாருங்கள். எந்த வால்வு தாமதமாகத் திறந்தது, எந்த வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறியது என்று குறியுங்கள். பறந்துவிட்டு வந்தவர்களிடமும் கேளுங்கள். மூக்கிலிருந்து வால்வரை படம் எடுங்கள். இதெல்லாம் முடியும் வரை ஒரு திருகைக்கூடத் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டால், அந்தக் கீறல் பயணத்தில் வந்ததா, உங்கள் திருப்புளியால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரக்கறைக் கதவுகளைத் திறப்பதற்கும் ஒரு முறை உண்டு. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கதவுகள் எடையற்ற நிலையில் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை. தரையில் தம் எடையையே தாங்காது. வெளியிலிருந்து தாங்கிப் பிடித்துத்தான் திறக்க முடியும். விண்ணில் திறம்பட வேலை செய்யும் பல பாகங்கள் தரையில் கைக்குழந்தை மாதிரி. தாங்குவதற்கான கருவிகளையும் கலத்தோடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

படி 4: வெப்பக் கவசம், ஓடு ஓடாக

இதுதான் மிக அதிக கைவேலை வாங்கிய இடம். கொலம்பியா முதலில் பறந்தபோது அதன் மேல் சுமார் 31,000 ஓடுகள் இருந்தன. பிற்கால ஓடங்களில் அது சுமார் 24,000 ஆகக் குறைந்தது. வெப்பம் குறைவான இடங்களில் ஓடுகளுக்குப் பதிலாகத் தைத்த போர்வைகளை ஒட்டினார்கள். ஒவ்வோர் ஓடும் கலத்தின் வளைவுக்கு ஏற்பத் தனித்தனியாக வெட்டப்பட்டு, தனி எண்ணும் பெற்றது. ஓர் ஓட்டை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க முடியாது.

அவற்றின் பொருள், மிகத் தூய்மையான சிலிக்கா இழை. உள்ளே பெரும்பகுதி வெறும் காற்றுதான். கையில் எடுத்தால் தெர்மோகோல் போல இருக்கும். கறுப்பு ஓடுகள் சுமார் 1,260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அவற்றுக்கு அடியில் இருக்கும் அலுமினிய உடல் தாங்குவதோ சுமார் 175 டிகிரிதான். அலுமினியம் சூட்டில் விரியும், ஓடு விரியாது, நெளிந்தால் உடையும். அதனால் ஓட்டை நேராக உலோகத்தில் ஒட்டாமல், நடுவே வெப்பம் தாங்கும் செயற்கை இழைத் திண்டு ஒன்றை வைத்து, சிலிகான் பசையால் ஒட்டுவார்கள்.

ஆய்வு இப்படிப் போகும். முதலில் கண்ணால் பார்ப்பது: உடைசல், கீறல், பூச்சு உதிர்தல். சிறு குழி என்றால் நிரப்பி விடலாம். பெரிதென்றால் ஓட்டைக் கழற்றி, குழியை அளந்து, புதிய ஓட்டை வெட்டி, தளத்தைச் சுத்தம் செய்து, பசை தடவி, அழுத்திப் பிடித்துப் பல மணி நேரம் காயவிட வேண்டும். காய்ந்ததும் குறிப்பிட்ட விசையோடு இழுத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒட்டியது ஒட்டியதாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. முதல் பயணத்திலேயே 16 ஓடுகள் காணாமல் போயின, 148 சேதமாயின.

அடுத்து இடைவெளி. ஓடுகளுக்கு நடுவே மெல்லிய துணிப் பட்டைகளைச் செருகி வைப்பார்கள். அது வெளியே நீட்டிக்கொண்டால், வழுவழுப்பாக ஓட வேண்டிய காற்றோட்டம் அந்த இடத்தில் கலைந்து சுழலும். பின்னால் இருக்கும் ஓடுகளுக்கு வெப்பம் கூடும். 2005 ஆகஸ்டில் டிஸ்கவரியின் வயிற்றில் அப்படி இரண்டு பட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டீபன் ராபின்சன் விண்வெளியில் கலத்தின் அடிப்பக்கம் போய், கையாலேயே இழுத்து எடுத்தார். தரையில் ஒரு நிமிட வேலை, அங்கே ஒரு விண்நடை.

கடைசியாக நீர்ப்புகா மருந்து. இதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஓடு பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும். அப்படியே பறந்தால் எடையும் கூடும், உறைந்து விரிசலும் விடும். நீர் ஒட்டாமல் தடுக்கும் வேதிப்பொருள் மறுநுழைவின் வெப்பத்தில் எரிந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், ஒவ்வோர் ஓட்டிலும் உள்ள நுண்துளை வழியாக அந்தத் திரவத்தைச் செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான முறை, ஒவ்வொன்றாக. திரவம் நச்சு என்பதால் சுவாசக் கவசத்தோடு. 160 மணி நேரக் கணக்கு எங்கே உடைந்தது என்று யாராவது கேட்டால் முதலில் இந்த வேலையைத்தான் காட்டுவேன்.

இறக்கைகளின் முன்விளிம்பு வேறு பொருள்: வலுவூட்டிய கார்பன் பலகைகள், இறக்கைக்கு 22. வெளிப்பார்வைக்குக் கல் போல இருக்கும். உள்ளே பலவீனம் வந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொலம்பியாவின் கடைசிப் பயணத்தில் வெளித்தொட்டியிலிருந்து (ஏறும்போது எஞ்சின்களுக்கு எரிபொருள் தரும் பெரிய தொட்டி) பெயர்ந்த நுரைத் துண்டு, இடது இறக்கையின் எட்டாவது பலகையில்தான் மோதியது. அதன்பிறகு கண்பார்வையை மட்டும் நம்பாமல், கருவிகளால் உள்ளே பார்க்கும் சோதனைகளைக் கட்டாயமாக்கினார்கள்.

படி 5: எஞ்சின்கள்

ஓடத்தின் மூன்று முதன்மை எஞ்சின்களையும் பிற்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றி, தனிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த எஞ்சினுக்குள் ஒரு முனையில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன். சற்றுத் தள்ளி 3,300 டிகிரி தீ. உயர் அழுத்த எரிபொருள் பம்பு நிமிடத்துக்குச் சுமார் 35,000 முறை சுழலும். அதன் சுழல்தகடுகளில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விடக் கூடாது.

போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுத் தகடு தகடாகப் பார்ப்பார்கள். அச்சு தடையின்றிச் சுழல்கிறதா என்று கையால் திருப்பிப் பார்ப்பார்கள். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று ஹீலியம் செலுத்திச் சோதிப்பார்கள். பிறகு பம்புகளை மறுவடிவமைத்தபோது, ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கும் வேலையைக் குறைப்பதும் ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு 1999 ஜூலையில் கிளம்பிய கொலம்பியாவின் எஸ்டிஎஸ்-93 பயணத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. சந்திரா தொலைநோக்கியைச் சுமந்து சென்ற பயணம் அது. ஏவும் நேரத்தில் வலது எஞ்சினுக்குள் இருந்து தங்கமுலாம் பூசிய ஒரு சிறு ஊசி பிடுங்கிக்கொண்டு வந்து, எஞ்சினின் வெளிக்கூம்பில் அடித்தது. கூம்பைக் குளிர்விக்கும் குழாய்களில் மூன்று கிழிந்தன, ஹைட்ரஜன் கசிந்தது. அந்த ஊசி எஞ்சினின் அசல் பாகம் அல்ல. முன்னொரு பராமரிப்பின்போது, பழுதான ஓர் ஆக்சிஜன் குழலை அடைக்க வைத்தது.

அதே ஏவலில், கிளம்பிய ஐந்தாவது வினாடியில் மின்குறுக்கும் (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டது. இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் தலா ஒன்று அணைந்தது. மிஞ்சிய கணினிகள் வேலையைத் தொடர்ந்ததால் எஞ்சின்கள் ஓடின. காரணத்தைத் தேடியபோது, ஒரு திருகின் கூரான தலையில் உரசி உறை கிழிந்த கம்பி கிடைத்தது. அதுவும் முந்தைய தரைவேலையின் தடம். கலம் சுற்றுப்பாதையை எட்டியது, ஆனால் திட்டமிட்டதைவிடச் சற்றே குறைந்த வேகத்தில். இரண்டு கோளாறுகளும் தரைவேலையிலேயே ஏறிக்கொண்டவை.

மண்ணெண்ணெயில் ஓடும் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு வேறு தொல்லை: புகைக்கரி. அதன் முதல் நிலை, அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதி, 2015 டிசம்பரில்தான் முதன்முறையாகத் தரையிறங்கியது. ஒருமுறை பறந்து திரும்பிய முதல் நிலை ஒன்று மறுபடி பறந்தது 2017 மார்ச்சில். இடையில் பிரித்து ஆராய்வதிலேயே காலம் போனது. பிறகு அனுபவம் சேரச் சேரப் பிரிப்பதைக் குறைத்தார்கள். எதைத் திறக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வதுதான் அவர்கள் கற்ற பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

படி 6: கம்பிகள், கருவிகள், மறந்துபோன பொருட்கள்

எஸ்டிஎஸ்-93க்குப் பிறகு எல்லா ஓடங்களையும் நிறுத்தி, கம்பிகளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். உறை கிழிந்த இடங்கள் இன்னும் கிடைத்தன. பெரும்பாலும் யாரோ முழங்காலை ஊன்றிய இடம், ஏணியைச் சாய்த்த இடம், கருவியை வைத்த இடம். எனவே வேலை செய்யும் இடங்களில் கம்பிகளுக்கு மேல் மூடி போடுங்கள். எங்கே மிதிக்கலாம் என்று குறியுங்கள்.

உள்ளே போகும் ஒவ்வொரு கருவியையும் எண்ணிக் கட்டி அனுப்புங்கள். வெளியே வரும்போது மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் வேலை நிற்க வேண்டும், அது கிடைக்கும் வரை. 2009இல் அட்லாண்டிஸ் திரும்பியபோது, ஒரு விளக்கின் கைப்பிடிக் குமிழ் ஜன்னல் கண்ணாடிக்கும் முகப்புப் பலகைக்கும் நடுவே இறுகிச் சிக்கியிருந்தது. பயணத்தில் அழுத்தத்தால் கலம் சற்றே விரிந்தபோது உள்ளே போய், தரையில் அழுத்தம் குறைந்ததும் பிடிபட்டுவிட்டது. இழுத்தால் கண்ணாடி கெடும். கடைசியில் அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இடைவெளியை விரியச் செய்து, குமிழை உலர்பனியால் சுருக்கி எடுத்தார்கள். அவசரப்படாதவர்களின் வேலை அது. எனக்கு மிகவும் பிடித்த பழுதுபார்ப்பு.

படி 7: மின்சாரம் கொடுத்துச் சோதியுங்கள், ஆனால் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள்

எல்லாம் பொருத்தியதும் கலத்துக்கு மின்சாரம் கொடுத்து ஒவ்வோர் அமைப்பையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டிய இணைப்பு எதுவானாலும் மறுசோதனை கட்டாயம். பிறகு எடையும் சமநிலைப் புள்ளியும் அளக்கப்படும்.

சோதனையிலும் ஆபத்து உண்டு. 2019 ஏப்ரல் 20 அன்று, விண்வெளி நிலையம் போய்வந்த க்ரூ டிராகன் கலம் ஒன்று, அவசர உந்திகளைச் சோதிக்கத் தயாரானபோது வெடித்துச் சிதறியது. யாருக்கும் காயம் இல்லை. ஒரு வால்வு வழியாகக் கசிந்த நைட்ரஜன் டெட்ராக்சைடு ஹீலியம் குழாய்க்குள் தேங்கியிருந்தது. அழுத்தம் பாய்ந்ததும் அது குண்டு போலப் போய் டைட்டானியம் வால்வில் மோதி, டைட்டானியமே எரிந்தது. பல காலமாக ஒன்றாகப் பயன்படுத்தி வந்த பொருட்கள் அவை. அதற்குப் பிறகு அந்த வால்வுகளை எடுத்துவிட்டு, அழுத்தம் வந்தால் ஒரே ஒருமுறை உடைந்து வழிவிடும் தகடுகளைப் பொருத்தினார்கள்.

படி 8: தூக்கி நிறுத்தி, மேடைக்குக் கொண்டுபோவது

இது பார்க்கப் பிரம்மாண்டமானது, விளக்க எளிதானது. 160 மீட்டர் உயரக் கட்டடத்துக்குள் ஓடத்தைச் செங்குத்தாகத் தூக்கி, வெளித்தொட்டியோடு மூன்று இடங்களில் இணைப்பார்கள். பிறகு ஊர்தி ஒன்று மணிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் மேடைவரை சுமந்துபோகும்.

மேடைக்குப் போன பிறகு எதிரி வானிலைதான். 2007 பிப்ரவரி 26 அன்று ஆலங்கட்டி மழை, அட்லாண்டிஸின் வெளித்தொட்டியில் ஆயிரக்கணக்கான குழிகளைப் போட்டது. மார்ச்சில் கிளம்ப வேண்டியது ஜூன் 8க்குப் போனது. 1995இல் மரங்கொத்திகள் டிஸ்கவரியின் தொட்டி நுரையில் சுமார் 200 துளைகள் போட்டதால், கலத்தையே திருப்பிக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தார்கள். ஆகவே மேடைக்கு வந்துவிட்டோம் என்று ஆய்வை நிறுத்தாதீர்கள்.

படி 9: காகிதங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள், செய்தவரின் கையெழுத்து, சரிபார்த்தவரின் கையெழுத்து. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தீர்க்காமல் விட்ட கோளாறுகளின் பட்டியலை ஏவலுக்கு முந்தைய மறுஆய்வில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும்போது, கையில் இருப்பது இந்தத் தாள்கள்தான்.

அந்தக் கூட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய சொற்றொடர் “இது முன்பும் நடந்திருக்கிறது”. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் ஏறியபோது, வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு, பக்கவாட்டில் இருக்கும் பூஸ்டர் ராக்கெட்டில் மோதியது. அதைப் பயணக் கோளாறு என்று வகைப்படுத்தவில்லை. அடுத்த ஏவல் நடந்தது. அதற்கடுத்தது கொலம்பியா, 2003 ஜனவரி 16. நுரை மோதிய காட்சி படத்தில் பதிந்திருந்தும், பிப்ரவரி 1 அன்று ஏழு பேரும் திரும்பவில்லை. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோளாற்றுக்கும், இதுவரை கேடு வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

படி 10: கதவு

கடைசி வேலை ஒரு சிறு குழுவிடம். பயணிகளை இருக்கையில் கட்டி, உள்ளே விட்டுப்போன பொருள் ஏதும் உண்டா என்று பார்த்து, கதவின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, தூசியோ நூலோ ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மூடியதும் அறைக்குள் அழுத்தத்தை ஏற்றி, கசிகிறதா என்று காத்திருப்பார்கள். முள் அசையாமல் நின்றால், கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, கைப்பாலம் வழியாக இறங்கி, வண்டியேறிப் பின்வாங்குவார்கள்.